புதுக் குடித்தனத்தின் காசுக் கணக்கு: கொழும்பில் தொடங்குகிறவர்களுக்கு

கல்யாணம் முடிந்து கொழும்பில் குடியேறும் சோடிகள் காசு விஷயத்தில் முதலில் கேட்பது, "இரண்டு பேர் பேரிலும் ஒரு கணக்குத் திறக்கலாமா?" என்பதுதான். திறக்கலாம். ஆனால் அது மூன்றாவது வேலை. அதற்கு முன்னால் இரண்டு வேலைகள் இருக்கின்றன, அவற்றைத்தான் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். நம் வீடுகளில் காசுக்காக வரும் சண்டை பெரும்பாலும் வாடகைக்காகவோ அரிசிக்காகவோ வருவதில்லை. ஆறு மாதம் கழித்து, "இதை நீங்கள் எனக்குச் சொல்லவே இல்லையே" என்று தொடங்கும் விஷயங்களால்தான் வருகிறது. ஆகவே அந்த விஷயங்களிலிருந்தே தொடங்குவோம்.

முதல் வேலை: யாருக்கு என்ன கடமைப்பட்டிருக்கிறோம்

ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், விருந்துக்குப் போக வேண்டிய வீடு எதுவும் இல்லாத நாளாகப் பார்த்து, ஒரு சீ.ஆர். கொப்பியோடு உட்காருங்கள். இருவரும் தனித்தனித் தாளில் எழுதிப் பிறகு மாற்றிக்கொள்வது நல்லது. சேர்ந்து எழுதினால் ஒருவர் முகத்தை மற்றவர் பார்த்துப் பாதியை விழுங்கிவிடுவார்.

கல்யாணத்தில் மிச்சம் இருக்கும் பாக்கியை முதலில் எழுதுங்கள். மண்டபம், வீடியோக்காரர், சாப்பாட்டுக்காரர், யாரிடமாவது வாங்கிய கைமாற்று. அப்புறம் லீசிங், கடனட்டைப் பாக்கி, தவணைக்கு வாங்கிய போன். அடகில் நகை இருந்தால் எந்த வங்கி, எவ்வளவுக்கு, மீட்க வேண்டிய திகதி எது என்று எழுதுங்கள். அது அம்மாவின் நகையாக இருந்தாலும் எழுதத்தான் வேண்டும்.

சீட்டு கட்டுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இன்னும் எடுக்காத சீட்டு சேமிப்பு, எடுத்து முடித்த சீட்டு கடன். கல்யாணத்துக்கென்று சீட்டை முன்கூட்டியே எடுத்தவர்கள் பலர். அவர்கள் இனிக் கட்டப்போகிற ஒவ்வொரு மாதக் காசும் கடன் தவணைதான். "சீட்டுக் கட்டுகிறேன், சேமிக்கிறேன்" என்று இருவரும் நினைத்துக்கொண்டிருந்தால் கணக்கு முதல் நாளிலேயே பிழையாகிவிடும்.

எல்லாவற்றையும்விட மறைந்து கிடப்பது பிணை. வேலைத்தலத்தில் கூட இருப்பவருக்கு, ஒன்றுவிட்ட அண்ணாவுக்கு, வங்கிக் கடனுக்கோ லீசிங்குக்கோ கையெழுத்து வைத்திருப்பார்கள். "அவர் கட்டுகிறார்தானே" என்று அது நினைவிலேயே இருக்காது. அவர் கட்டாத மாதத்தில் கடிதம் உங்கள் வீட்டுக்கு வரும். பிணை நின்ற கடனும் கடன் தகவல் பணியகத்தின் பதிவில் வரும். நாம் 'கிரிப்' என்று சொல்வது அதைத்தான். 1990 ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த நிறுவனம் அது. உங்களைப் பற்றிய அறிக்கையை நீங்களே கட்டணம் செலுத்தி எடுக்கலாம். இரண்டு பேரும் ஒரு தடவை எடுத்துப் பார்த்துவிடுங்கள். ஐந்து வருடம் கழித்து வீட்டுக் கடனுக்குப் போய் நிற்கும்போது தெரியவருவதைவிட இப்போது தெரிவது மேல்.

கடைசியாக ஊருக்கு அனுப்பும் காசு. யாழ்ப்பாணத்தில் அப்பாவின் மருந்து, மட்டக்களப்பில் தங்கச்சியின் டியூஷன், ஹட்டனில் வீட்டுக் கூரை வேலை என்று ஒவ்வொருவருக்கும் ஏதோ ஒன்று இருக்கும். என் கருத்து இது: பெற்றோருக்குக் கொடுப்பதை அவரவர் கைக்காசிலிருந்து கொடுக்காமல், வீட்டுச் செலவின் முதல் வரியாகவே எழுதுங்கள். இரண்டு பக்கப் பெற்றோருக்கும். தொகை சமமாக இருக்க வேண்டியதில்லை, தேவையைப் பொறுத்தது. கைக்காசிலிருந்து போனால் அது ஒளித்துக் கொடுக்கும் காசாகிவிடும். பிறகு, "உங்கட அம்மாவுக்கு எவ்வளவு போகுது?" என்ற கேள்வி வருமே, அதற்கு நல்ல பதில் கிடையாது. மாத உதவிக்கு ஒரு தொகையைப் பேசி முடிவு செய்துவிட்டால், அவசரத்துக்குக் கேட்பதை மட்டும் தனியாக யோசித்தால் போதும்.

இரண்டாவது: கைக்கு வருவது எவ்வளவு

சம்பளம் என்று வாயால் சொல்லும் தொகை வேறு, 25 ஆம் திகதி கணக்கில் விழும் தொகை வேறு. சம்பளச் சிட்டையை எடுத்துப் பாருங்கள். தனியார் வேலையில் இருப்பவருக்கு ஊழியர் சேமலாப நிதிக்கு 8 சதவீதம் கழியும். அதற்கு மேல் முதலாளி 12 சதவீதமும், ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு 3 சதவீதமும் தன் பக்கத்திலிருந்து போட வேண்டும். சிட்டையில் கழித்திருப்பதாகக் காட்டுவதும் கணக்கில் உண்மையிலேயே போய்ச் சேருவதும் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. ஆகவே உறுப்பினர் கணக்குக் கூற்றை வருடத்துக்கு ஒரு தடவையாவது பாருங்கள்.

வருமான வரி இருவருக்கும் தனித்தனி. கல்யாணம் செய்ததால் இரண்டு சம்பளத்தையும் கூட்டி வரி போட மாட்டார்கள். 2025 ஏப்ரல் தொடக்கம் ஒருவருக்கு வருடத்தில் 18 இலட்சம் ரூபாய், அதாவது மாதம் 150,000 வரை வரி இல்லை. வங்கி வட்டியில் 10 சதவீதம் பிடிப்பார்கள். வருட வருமானம் அந்த 18 இலட்சத்துக்குள் இருப்பவர், வரி இலக்கத்தோடு ஒரு சுய பிரகடனம் கொடுத்தால் அது பிடிபடாது. சின்னத் தொகைதான், ஆனாலும் படிவம் ஒரு பக்கம்தானே.

ஓவர்டைம், கமிஷன், சித்திரை வருடப்பிறப்பு போனஸ், டிசம்பர் போனஸ் எதையும் மாத வருமானத்தில் சேர்க்காதீர்கள். அவற்றை வருடத்துக்கு ஒரு தடவை வரும் செலவுகளுக்கு ஒதுக்குங்கள்: தீபாவளி உடுப்பு, நல்லூர்த் திருவிழாவுக்கு ஊருக்குப் போய்வருவது, மோட்டார் சைக்கிள் இன்சூரன்ஸ், வாகன வரிப் பத்திரம், ஆவணியில் வரிசையாக வரும் கல்யாண வீடுகளுக்கான அன்பளிப்பு. புதுச் சோடிக்கு முதல் வருடம் எல்லாக் கல்யாணத்துக்கும் அழைப்பு வரும். உங்கள் கல்யாணத்துக்கு யார் என்ன தந்தார்கள் என்று அம்மா எழுதி வைத்த கொப்பி இருக்கும், அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது: கணக்குகள்

இப்போது வங்கிக்குப் போகலாம். மூன்று கணக்கு போதும். கணவரின் சம்பளக் கணக்கு, மனைவியின் சம்பளக் கணக்கு, நடுவில் வீட்டுக்கென்று ஓர் இணைந்த கணக்கு. எல்லாவற்றையும் ஒன்றாகக் கலப்பது அன்பின் அடையாளம் என்று சில பெரியவர்கள் சொல்வார்கள். அப்படிக் கலந்த வீடுகளில் பெரும்பாலும் ஒருவர் கையில்தான் அட்டை இருக்கும், மற்றவர் கேட்டு வாங்குவார். அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இணைந்த கணக்குத் திறக்கும்போது, காசு எடுக்க ஒருவர் கையெழுத்துப் போதுமா, இருவரும் போட வேண்டுமா என்று படிவத்தில் கேட்பார்கள். வீட்டுச் செலவுக் கணக்குக்கு ஒருவர் போதும் என்பதே வசதி. வீடு வாங்க, காணி வாங்கச் சேர்க்கும் பெரிய தொகைக்கு இருவர் கையெழுத்து வைத்துக்கொள்ளலாம்.

யார் எவ்வளவு போடுவது? சரிபாதி என்பது கேட்க நியாயமாக இருக்கும், சம்பளம் வேறுபடும்போது நியாயமில்லை. சம்பள விகிதத்தில் போடுங்கள். ஓர் உதாரணக் கணக்கு. கணவர் கைக்கு 130,000, மனைவி கைக்கு 85,000, மொத்தம் 215,000. வாடகை 60,000. லைட், தண்ணீர், காஸ், இன்டர்நெட் 16,000. சாப்பாட்டுச் சாமான் 40,000. போக்குவரத்து 14,000. இரு பக்கப் பெற்றோருக்கும் சேர்த்து 25,000. அவசரச் சேமிப்பு 10,000. கூட்டினால் 165,000. இதில் அறுபதுக்கு நாற்பது என்று பிரித்தால் கணவர் 99,000, மனைவி 66,000. மிச்சம் அவர் கையில் 31,000, அவள் கையில் 19,000. அந்த மிச்சத்துக்கு யாரும் யாரிடமும் கணக்குக் கேட்பதில்லை. போன் பில், நண்பர்களோடு சாப்பாடு, சாரி, சீட்டு எல்லாம் அதிலிருந்துதான். உங்கள் தொகைகள் வேறாக இருக்கும். கணக்கு போடும் முறையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

சம்பளம் விழும் நாளுக்கு அடுத்த நாளே வீட்டுக் கணக்குக்குக் காசு தானாகப் போகும்படி வங்கியில் நிலையான கட்டளை கொடுத்துவிடுங்கள். மாதக் கடைசியில் மிஞ்சுவதைப் போடுவோம் என்று இருந்தால் மிஞ்சாது.

ஒருவர் மட்டும் வேலைக்குப் போகும் வீடு என்றாலும் மூன்று கணக்குத்தான். வீட்டில் இருப்பவரின் கணக்குக்கும் மாதாமாதம் ஒரு தொகை போக வேண்டும். கடலை வாங்கக்கூடக் கேட்டு நிற்கும் நிலையில் எவரையும் வைக்கக் கூடாது.

வாடகை, லைட் பில், சாமான்

கொழும்பில் வாடகைதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. வெள்ளவத்தையில் கோயில், தமிழ்க் கடை, ரயில், பஸ் எல்லாம் காலடியில் இருக்கிறது, அதற்கான விலையும் வாடகையில் இருக்கிறது. அதே காசுக்குத் தெஹிவளையிலோ கொட்டாஞ்சேனையிலோ வத்தளையிலோ இன்னும் ஓர் அறை கூடுதலாகக் கிடைக்கலாம். ஆனால் மழை நாளில் வத்தளையிலிருந்து கோட்டைக்கு எவ்வளவு நேரம், எத்தனை நாள் ஓட்டோ என்பதையும் சேர்த்துத்தான் ஒப்பிட வேண்டும். வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாடகை போனால் வேறு எதிலும் கை வைக்க முடியாமல் போகும்.

அட்வான்ஸை வீட்டுக்காரர் ஆறு மாதமோ ஒரு வருடமோ கேட்பார். அது திருப்பித் தருவதா, மாதாமாதம் வாடகையில் கழிப்பதா என்பதைக் கையெழுத்துக்கு முன் கேட்டு உடன்படிக்கையில் எழுதச் செய்யுங்கள். ஒரு வருடம், இரண்டு வருடம் என்று எடுப்பதானால் நொத்தாரிசு முன்னால் எழுதுவதே பாதுகாப்பு. வெளியேறும்போது பெயின்ட் அடிப்பது யார் செலவு, அடுக்குமாடி என்றால் பராமரிப்புக் கட்டணம் யார் தலையில் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். குடிபுகும் நாளில் மீட்டர், சுவர், குளியலறை எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து வீட்டுக்காரருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். கோபிக்க மாட்டார், கோபித்தால் அதுவும் ஒரு தகவல்தான்.

அனெக்ஸ் எடுப்பவர்கள் லைட் மீட்டரைப் பற்றித் தனியாகக் கேட்க வேண்டும். நம் நாட்டில் வீட்டு மின்சாரக் கட்டணம் படிப்படியாக ஏறும். மாதம் 60 அலகுக்குள் இருந்தால் குறைந்த விலை. 60ஐத் தாண்டினால் மேலதிக அலகுக்கு மட்டுமல்ல, முதல் அலகிலிருந்தே வேறு, கூடிய விலை. மாதாந்த நிலைக் கட்டணமும் ஏறும். இரண்டு பேர் இருக்கும் சின்ன வீடு ஏசி இல்லாமல் அந்த எல்லைக்கு அருகில் நிற்க முடியும். ஆனால் வீட்டுக்காரரின் மீட்டரிலிருந்து உப மீட்டர் போட்டுத் தந்திருந்தால், இரண்டு வீட்டு அலகும் சேர்ந்து மேல்படிக்குப் போய்விடும். நீங்கள் 50 அலகு பாவித்தாலும் கூடிய விலையில்தான் கேட்பார். தனி மீட்டர் உள்ள அனெக்ஸுக்கு வாடகை இரண்டாயிரம் கூட என்றால், பெரும்பாலும் அதுவே இலாபம்.

சாப்பாட்டுச் செலவுக்கு அம்மாமார் சொல்லும் தொகையை நம்பாதீர்கள். அவர்கள் மனதில் இருப்பது 2022க்கு முந்திய விலை. அந்த வருடம் செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 சதவீதத்துக்குப் போனது. பணவீக்கம் பிறகு இறங்கியது, ஆனால் ஏறிய விலைகள் பழைய இடத்துக்கு வரவில்லை. ஒரு மாதம் முழுக்க நீங்களே எழுதிப் பாருங்கள். செயலி வேண்டாம், போனில் ஒரு குறிப்பு போதும். பொதுவாகச் சந்தையில் மரக்கறியும் மீனும், சுப்பர்மார்க்கெட்டில் மற்றவை என்று பிரிப்பது சரிவரும். வங்கி அட்டைக்குக் கழிவு கொடுக்கும் நாளில் போனால் மிச்சம்தான், கழிவு இருக்கிறதே என்று வண்டிலை நிரப்பாமல் இருந்தால். 12.5 கிலோ காஸ் மாற்றும் திகதியைக் கலண்டரில் குறித்து வாருங்கள். மூன்று தடவை குறித்தால் உங்கள் வீட்டுக் கணக்குத் தெரிந்துவிடும்.

வீட்டில் கொஞ்சம் அதிகமாகவே காசு கரைவது பெரும்பாலும் போனில் ஓடர் பண்ணும் சாப்பாட்டிலும் ஓட்டோவிலும்தான். இதை வாதிட்டுத் தீர்க்க வேண்டாம், மாதக் கணக்கே சொல்லும்.

சேமிப்பு, சீட்டு, நகை

முதல் இலக்கு, மூன்று மாத வீட்டுச் செலவு. அது சேரும்வரை வேறு முதலீடு எதுவும் வேண்டாம். சாதாரண சேமிப்புக் கணக்கிலோ குறுகிய கால நிலையான வைப்பிலோ இருக்கட்டும். தேசிய சேமிப்பு வங்கியில் போடும் காசுக்கு அரசு முழு உத்தரவாதம் தருகிறது. மற்ற அனுமதி பெற்ற வங்கிகளிலும் நிதி நிறுவனங்களிலும் வைப்புக் காப்புறுதி ஒருவருக்கு ஒரு நிறுவனத்தில் 11 இலட்சம் ரூபாய் வரைதான். வட்டி கூட என்று யாராவது பைனான்ஸ் கம்பனியைச் சொன்னால், மத்திய வங்கியின் அனுமதிப் பட்டியலில் அதன் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள். ஆள் சேர்த்தால் கொமிஷன் என்று சொல்லிக்கொண்டு மச்சானே வந்தாலும் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள். பிரமிட் திட்டம் நடத்துவது வங்கிச் சட்டப்படி குற்றம்.

சீட்டை நான் கூடாது என்று சொல்ல மாட்டேன். கட்டாயமாகச் சேமிக்க வைக்கும், வட்டிக்குப் போகாமல் ஒரு மொத்தத் தொகை கையில் கிடைக்கும். ஆனால் தாய்ச்சீட்டுப் பிடிப்பவர் ஓடிவிட்டால் கையில் ஒரு கடதாசியும் இருக்காது. நேரில் தெரிந்தவர், பல வருடம் பிடித்தவர், தொகை உங்கள் கைக்காசுக்குள் அடங்குவது, இந்த மூன்றும் இருந்தால் மட்டும் சேருங்கள். அவசரச் சேமிப்பைச் சீட்டில் போடவே வேண்டாம்.

நகை விஷயத்தில் முதல் வேலை பட்டியல் எழுதுவது. எத்தனை பவுன், யார் போட்டது, செட்டியார் தெரு நகைக்கடைப் பற்றுச்சீட்டு எங்கே என்று எழுதிப் படமும் எடுத்து வையுங்கள். தாலிக்கொடி தவிர மற்றதை வங்கிப் பெட்டகத்தில் வைக்கலாம். அவசரத்துக்கு அடகு வைப்பது வெட்கமான காரியம் அல்ல, கடனட்டைக் கடனைவிட வட்டி குறைவாகவே இருக்கும். வெட்கம் என்று ஒளித்து வைப்பதால்தான் மீட்கும் திகதி தவறிப்போகிறது. எவருடைய நகையோ அவருடைய சம்மதத்தோடு, அவருடைய பேரிலேயே அடகு வையுங்கள்.

சீதனக் காணியும் தேசவழமையும்

இதைப் பேசப் பலருக்குக் கூச்சம். ஆனால் கொழும்பில் இருந்தாலும் வடக்கைச் சேர்ந்த தமிழர்களுக்குத் தேசவழமை, அதாவது சொத்து பற்றிய அவர்களுடைய வழமைச் சட்டம், கூடவே வரும். 1911 ஆம் ஆண்டு யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டப்படி, மனைவி தன் பேரில் உள்ள காணியையோ வீட்டையோ விற்கவோ ஈடு வைக்கவோ கணவரின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும். அவளுடைய சீதனக் காணியாக இருந்தாலும் அப்படித்தான். காசுக்கும் நகைக்கும் அது தேவையில்லை. கல்யாணத்துக்குப் பிறகு உழைப்பால் தேடியது தேடியதேட்டம் என்று தனியாகக் கணக்கிடப்படும். தேசவழமைக்கு உட்படாத பெண், உட்பட்ட ஆணைத் திருமணம் செய்தால் அந்தத் திருமணம் நிலைக்கும்வரை அவளுக்கும் அது பொருந்தும். மறுபக்கமாக, யாழ்ப்பாணத்துப் பெண் மலையகத்து ஆணைத் திருமணம் செய்தால் அந்தக் காலத்தில் அவளுக்குப் பொருந்தாது. ஆகவே கொழும்பில் ஒரு வீடு வாங்க முன்பணம் கட்டுவதற்கு முன், உறுதி யார் பேரில், எந்தக் காசில் என்பதை ஒரு சட்டத்தரணியிடம் ஒரு மணி நேரம் கேட்டுக்கொள்ளுங்கள். சீதனக் காசைப் போட்டு வாங்கினால் அதை உறுதியிலேயே எழுதலாமா என்றும் கேளுங்கள்.

கடதாசி வேலை

விவாகப் பதிவுச் சான்றிதழின் உறுதிப்படுத்திய பிரதிகள் நாலைந்தைப் பிரதேச செயலகத்தில் ஒரே தடவையில் எடுத்து வையுங்கள். மனைவி பேரை மாற்ற வேண்டும் என்று கட்டாயம் இல்லை. மாற்றினால் அடையாள அட்டையில் தொடங்கிப் பாஸ்போர்ட், வங்கி, சேமலாப நிதி என எல்லா இடத்திலும் ஒரே எழுத்துக்கூட்டல் இருக்க வேண்டும், அரைகுறையாக மாற்றுவதுதான் தொல்லை.

சேமலாப நிதி, ஆயுள் காப்புறுதி, வங்கிக் கணக்கு ஒவ்வொன்றிலும் நொமினியாக யார் பேர் இருக்கிறது என்று பாருங்கள். வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அம்மாவின் பேரைக் கொடுத்திருப்பீர்கள். அம்மாவை எடுத்துவிடுவதா என்று மனம் கேட்காவிட்டால் பங்கு பிரித்து இருவரையும் போடலாமா என்று விசாரியுங்கள்.

கல்யாணத்தால் வேலையை விடும் பெண் தன் சேமலாப நிதியை எடுக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. அந்தக் காசைக் கண்டதும் வீட்டில் எல்லோருக்கும் ஒரு யோசனை வரும், காருக்கு முன்பணம், மாமாவின் கடை என்று. கட்டாயத் தேவை இல்லாவிட்டால் எடுக்க வேண்டாம். எடுத்தால் அவள் பேரிலேயே நிலையான வைப்பில் போடுங்கள்.

குழந்தைக்கு முன் ஒரு சோதனை

குழந்தை பற்றி யோசிக்கத் தொடங்கும்போது, மூன்று மாதம் ஒரு சம்பளத்தில் மட்டும் வாழ்ந்து பாருங்கள். மற்றச் சம்பளத்தை அப்படியே வைப்பில் போட்டுவிடுங்கள். எங்கே இடிக்கிறது என்பது அப்போது தெரியும், பெரும்பாலும் வாடகையில்தான் இடிக்கும். வீடு மாறுவதென்றால் அது வயிற்றில் குழந்தையோடு செய்யும் வேலை அல்ல, முன்னதாகவே செய்துவிடுங்கள். காசல் வீதி மகளிர் வைத்தியசாலை, டி சொய்சா போன்ற அரச வைத்தியசாலைகளில் பிரசவம் இலவசம். தனியார் வைத்தியசாலை என்றால் சத்திரசிகிச்சைக்கும் சேர்த்து மதிப்பீட்டை எழுத்தில் வாங்குங்கள். வேலைத்தலத்துக் காப்புறுதி பிரசவத்துக்குப் பொருந்துமா, எத்தனை மாதம் காத்திருக்க வேண்டும் என்றும் பாருங்கள். தனியார் வேலையில் பிரசவ விடுமுறை 84 நாள், சம்பளத்தோடு. அந்தச் 'சம்பளம்' அடிப்படைச் சம்பளம் மட்டுமா, போக்குவரத்துக் கொடுப்பனவும் ஊக்கத் தொகையும் அந்த மாதங்களில் வருமா என்பதை மனிதவளப் பிரிவிடம் ஈமெயிலில் கேட்டுப் பதிலை எடுத்து வையுங்கள். வராது என்றால், வைப்பில் போட்ட சம்பளத்திலிருந்து எவ்வளவு ஈடுகட்ட வேண்டும் என்று அன்றே கணக்குப் போட்டுவிடலாம்.